மாட்டுக்கு ஊசி போடவும் சான்றிதழா?

கால்நடைப் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்
(பதில் சொல்பவர், மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் அரச கால்நடை வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றவர்)

எனது மச்சான் இங்கிலாந்தில் ஒரு பால் பண்ணையில் வேலை செய்கிறார். அங்கே மாட்டுக்கு மருந்து கொடுப்பவர் காசு கட்டிப் பயிற்சி எடுத்து, சான்றிதழும் வைத்திருக்க வேண்டுமாம். பரம்பரையாக மாடு வளர்க்கிற அவருடைய முதலாளியும் போய் உட்கார்ந்துவிட்டு வந்தாராம். இது பகல் கொள்ளை இல்லையா? நாளைக்கு எங்களுக்கும் இப்படி ஒன்று வந்தால் நீங்கள் எந்தப் பக்கம் நிற்பீர்கள்?
– பண்ணையாளர் ஒருவர், கிரான்

தம்பி, மச்சான் சொன்னது சரிதான். ஆனால் அது அங்கே அரசாங்கம் போட்ட சட்டம் இல்லை. 'ரெட் ட்ராக்டர்' என்று ஒரு தர உறுதித் திட்டம், 2000ஆம் ஆண்டு தொடங்கியது. பால் போத்தலிலும் இறைச்சிப் பொதியிலும் சின்னதாக ஓர் உழவு இயந்திரப் படம் இருக்கும். அந்தப் படம் வேண்டுமென்றால் அவர்களுடைய நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட வேண்டும். மருந்துக்குப் பொறுப்பானவர்களில் ஒருவராவது பயிற்சிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. விருப்பமில்லாதவர் சேராமல் விடலாம், யாரும் பொலிசைக் கூட்டிக்கொண்டு வரப்போவதில்லை. ஆனால் பெரிய பால் கொம்பனிகளும் சுப்பர்மார்க்கட்டுகளும் அந்தப் படத்தைக் கேட்கின்றன. சேராதவர் பாலை எங்கே கொண்டுபோய் ஊற்றுவது? ஆகவே பெயரளவில் விருப்பம், நடைமுறையில் கட்டாயம்.

பயிற்சி என்றால் வருடக்கணக்கான படிப்பு என்று நினைக்க வேண்டாம். பால் பண்ணைகளுக்கு 'மில்க்ஷுவர்' என்று ஒன்று உண்டு. பிரித்தானிய மாட்டு வைத்தியர் சங்கமும் அங்குள்ள பால் தொழிற்சாலைகளின் அமைப்பும் சேர்ந்து உருவாக்கியது. பண்ணைக்கு வழமையாக வருகிற வைத்தியரே சொல்லிக்கொடுப்பார், கடைசியில் ஒரு சின்னப் பரீட்சை. பாலில் மருந்து எப்படித் தங்குகிறது, எத்தனை நாள் பாலை விலக்க வேண்டும், மருந்துக் கொப்பியில் என்ன எழுத வேண்டும் என்பவைதான் பாடம். கொப்பி எழுதுவது அங்கே சட்டம். எந்த மாடு, எந்த மருந்து, எவ்வளவு, எந்தத் திகதி என்று எழுதி ஐந்து வருடம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அதோடு செபலோஸ்போரினில் மூன்றாம் நான்காம் தலைமுறை மருந்துகள், என்ரோபுளொக்சசின் வகை, கொலிஸ்டின் ஆகிய நுண்ணுயிர்க்கொல்லிகளை (அன்டிபயோட்டிக்) வேறு வழியே இல்லை என்றால்தான் தொடலாம். மனிதருக்கு ஆஸ்பத்திரியில் கடைசி நேரத்தில் கைகொடுக்கிற மருந்துகள் இவை என்பதுதான் காரணம்.

இனி உங்கள் கொள்ளைக் கேள்வி. அந்த நாட்டு விவசாயிகளும் இதையேதான் கேட்கிறார்கள். வைத்தியருக்கு ஏற்கெனவே காசு கொடுக்கிறோம், அவர் சும்மா சொல்லித் தந்ததை இப்போது வகுப்பு என்று பெயர் வைத்துத் திரும்பவும் விற்கிறார்கள் என்பது அவர்களுடைய குறை. அதில் பாதி நியாயம். மாட்டைப் பிடித்துக் கட்டி, கழுத்தில் இடம் பார்த்து, உதை வாங்காமல் ஊசி ஏற்றுவதில் உங்களைப் போன்ற ஒருவருக்கு எந்த வகுப்பும் புதிதாக ஒன்றும் சொல்லித் தராது.

மற்றப் பாதியில் நான் அவர்களோடு இல்லை. கண்ணுக்குத் தெரிகிறதைத்தான் அனுபவம் கற்றுத்தரும். ஊசி போட்ட இடம் வீங்கினால் தெரிகிறது, அடுத்த முறை இடத்தை மாற்றுகிறீர்கள். மருந்து கலந்த பாலுக்கோ நிறமும் இல்லை, மணமும் இல்லை, ருசியும் மாறாது. காலையில் கானில் ஊற்றிச் சைக்கிளில் அனுப்பிவிட்டால் அதற்கப்புறம் அந்தப் பால் என்ன செய்தது என்று உங்களுக்கு யாரும் வந்து சொல்லப் போவதில்லை. ஆயுள் முழுக்க மாட்டோடு இருந்தவருக்கும் இது தெரியாமல் போவது அதனால்தான். அது அவருடைய கெட்டித்தனக் குறைவு இல்லை. இங்கிலாந்தில் தெரியப்படுத்துவதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பவுசரில் ஏற்றிய பாலைத் தொழிற்சாலை வாசலிலேயே சோதிப்பார்கள். ஒரு பண்ணையின் பால் பவுசர் முழுவதையும் கெடுத்துவிட்டால் அந்த முழுப் பவுசரின் விலையும் அந்தப் பண்ணையாளர் தலையில் விழும். அந்த நட்டத்தை ஒருமுறை கண்டவர் பயிற்சிக் கட்டணத்தைப் பற்றி அவ்வளவாகப் பேசமாட்டார்.

பலன் உண்டா என்றால், உண்டு. பிரித்தானியாவில் உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்கு விற்ற நுண்ணுயிர்க்கொல்லியின் அளவு 2014க்கும் 2022க்கும் இடையில் 59 சதவீதம் குறைந்தது. அதை முழுக்க வகுப்புகளின் கணக்கில் எழுதக்கூடாது. பன்றி, கோழி, மாடு என்று ஒவ்வொரு துறையும் தனக்கென்று ஓர் இலக்கு வைத்தது, ஒவ்வொரு பண்ணையின் மருந்துப் பாவனையையும் வைத்தியர் வருடத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து பார்த்தார். சான்றிதழ் அதில் ஒரு பங்கு.

எங்களுக்கு வந்தால்? பயிற்சியைக் கட்டாயமாக்குவதை நான் ஆதரிப்பேன். ஆனால் அங்கே இருப்பதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தால் எதிர்ப்பேன். ஏன் என்று சொல்கிறேன்.

முதலாவது, யாருக்குப் பயிற்சி? எங்கள் பக்கத்தில் மாடு போடியார் என்கிற பெரிய நிலக்காரருடையது, ஊசி மாட்டைப் பார்க்கிற பட்டிக்காரன் கையில். போடியார் டவுனில் மண்டபத்துக்கு வந்து, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, ரோல்ஸும் தேநீரும் முடித்துச் சான்றிதழோடு படமும் எடுத்துக்கொண்டு போவார். காட்டுப் பட்டியில் விடியற்காலை டோர்ச் வெளிச்சத்தில் மருந்து இழுக்கிற பொடியனுக்கு அந்தச் சான்றிதழால் என்ன பிரயோசனம்? ஊசியைப் பிடிக்கிற கைக்குத்தான் பயிற்சி போய்ச்சேர வேண்டும். அந்தப் பொடியன் அடுத்த வருடம் வேறு பட்டிக்குப் போனால் சான்றிதழும் அவனோடு போக வேண்டும். அதைக் காட்டிச் சம்பளத்தில் நூறு இருநூறு கூட்டிக் கேட்கலாம் என்றால் அவனே தேடி வருவான்.

இரண்டாவது, எப்போது? பெரும்போகம் விதைத்துவிட்டால் மாடுகள் வயற்பக்கம் தலைகாட்ட முடியாது. மயிலத்தமடு, மாதவணை, அம்பாறைப் பக்கம் என்றால் வட்டமடு என்று மேய்ச்சல் தரைகளுக்கு ஏற்றிவிடுகிறோம். அந்த மாதங்களில் வகுப்பு வைத்தால் வருகிறவர்கள் மாடில்லாதவர்களாகத்தான் இருப்பார்கள். அறுவடை முடிந்து, மாடுகள் வயலுக்கு இறங்கிய பிறகு, பட்டிக்கே போய் நடத்த வேண்டும். கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியர் ஒருவர், மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல், காட்டிச் சொல்லிக்கொடுக்க நாலைந்து வெற்று மருந்துப் போத்தல்கள். இதற்கு மேல் பெரிதாக ஒன்றும் தேவையில்லை.

மூன்றாவது காசு. மேய்ச்சல் தரைக்காக 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் தெருவில் உட்கார்ந்து போராடிய பண்ணையாளர்களிடம் போய், மருந்துப் படிப்புக்குப் பணம் கட்டுங்கள் என்று கேட்கிற துணிவு எனக்கில்லை. எங்கள் நாட்டு மாடு ஒன்று கன்றுக்கு விட்டது போக ஒரு லீற்றர், ஒன்றரை லீற்றர் தருகிறது. அந்த வருமானத்தில் கட்டணம் கேட்டால் பயிற்சிக்கு வரமாட்டார்கள், மருந்தை ஒளித்துப் போடுவார்கள். அது இப்போதிருப்பதை விட மோசம். மருந்து விற்று இலாபம் காண்கிறவர்களும் பால் வாங்குகிறவர்களும் செலவைப் பங்குபோடட்டும்.

அப்புறம் ஒன்று, இதை யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். விவசாயிக்கு முதல் கடைக்காரருக்குப் பயிற்சி வைக்க வேண்டும். வைத்தியர் சீட்டில்லாமல் போத்தலை நீட்டுகிறவர் அவர்தான், "இதை அடி, சரியாகும்" என்று வைத்தியம் சொல்கிறவரும் அவர்தான். அமெரிக்காவில் 2023 ஜூனிலிருந்து மனிதருக்கும் முக்கியமான நுண்ணுயிர்க்கொல்லிகளை மாட்டுக்கென்றாலும் வைத்தியர் சீட்டில்லாமல் கடையில் வாங்க முடியாது. அவர்கள் கைவைத்தது விற்கிற இடத்தில்.

நாங்கள் ஓட்டமாவடியில் எருமைப் பாலும் மாட்டுப் பாலும் வாங்கித் தயிர் போடுகிறோம். மாமி காலத்துத் தொழில். சில நாட்களில் சட்டி சட்டியாகத் தயிர் உறையாமல் தண்ணீராக நிற்கிறது. உறையை மாற்றிப் பார்த்தோம், சட்டியை வெந்நீரில் அவித்தும் பார்த்தோம். மாமி கண்ணூறு என்கிறா. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– தயிர் போடும் பெண், ஓட்டமாவடி

தங்கச்சி, மாமியோடு சண்டைக்குப் போக வேண்டாம். ஆனால் கண்ணூறு கழிக்கிறதுக்கு முதல் பாலைப் பாருங்கள்.

பாலைத் தயிராக்குவது உறையில் இருக்கிற நுண்ணுயிர்கள். பாலில் உள்ள சீனியைத் தின்று அவை புளிப்பை உண்டாக்கும், புளிப்பு ஏறினால் பால் கட்டியாகும். மடிவீக்கத்துக்கு மாட்டின் காம்புக்குள் ஏற்றுகிற ரியூப் மருந்தின் வேலையே நுண்ணுயிரைக் கொல்வது. நோய்க் கிருமி எது, தயிர்க் கிருமி எது என்று அது பார்க்காது. பெனிசிலின் வகைக்குத் தயிர் நுண்ணுயிர்கள் மிகவும் பயந்தவை, இம்மியளவு போதும். ஒரு மாட்டின் பால் ஒரு பெரிய அண்டாவையே நிறுத்திவிடும். நன்றாகக் கொதிக்க வைக்கிறோமே என்பீர்கள். கொதித்தால் கிருமி சாகும், மருந்து பெரும்பாலும் அப்படியே நிற்கும்.

கண்டுபிடிக்க ஆய்வுகூடம் தேவையில்லை. அடுத்த முறை பால் வரும்போது ஒவ்வொருவர் பாலிலும் ஒரு கோப்பை தனியே எடுங்கள். தனித்தனியாகக் காய்ச்சி, கைச்சூட்டுக்கு ஆறவிட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே உறையில் ஒரே அளவு கரண்டி விடுங்கள். கோப்பையின் அடியில் கரியால் ஆளுக்கு ஓர் அடையாளம். எல்லாவற்றையும் ஒரே இடத்தில், ஒரே சாக்கால் மூடி வையுங்கள். காலையில் கோப்பையைச் சரித்தால், நல்லது அசையாமல் நிற்கும், மற்றது ஓரத்தில் மஞ்சள் தண்ணீர் விட்டுக்கொண்டு பாலாகவே ஓடிவரும். ஒரு கோப்பைகூட உறையவில்லை என்றால் குற்றம் உங்கள் உறையில். ஒன்று மட்டும் உறையாமல் போனால் அந்தப் பால்காரரில்.

அவரிடம் போய்க் கத்துவதற்கு முதல் ஒரு கேள்வி கேளுங்கள்: மாட்டுக்கு மருந்து போட்டீர்களா, பால் கெடாமல் இருக்க ஏதும் கலந்தீர்களா? சிலர் தூரத்திலிருந்து கொண்டுவரும்போது பால் திரையாமல் இருக்க ஹைட்ரஜன் பெரொக்சைட் விடுகிறார்கள். அதுவும் உறைவதைத் தடுக்கும். மருந்துதான் காரணம் என்றால், ரியூப் ஏற்றிய காம்பின் பாலை மட்டும் விலக்கிவிட்டு மற்ற மூன்று காம்புப் பாலையும் தந்திருப்பார். அது போதாது. மருந்து இரத்தத்தில் கலந்து நாலு காம்பிலும் வரும். மருந்துப் பெட்டியில் எழுதியிருக்கிற நாள் முடியும் வரை நாலு காம்புப் பாலும் விலக்கு. அந்த மாட்டின் கழுத்தில் ஒரு சிவப்புத் துணி கட்டச் சொல்லுங்கள். வேறொருவர் பால் கறக்க வந்தாலும் ஏமாற மாட்டார்.

மேலே கிரான் தம்பிக்கு எழுதினேனே, மருந்துப் பால் என்ன செய்தது என்று யாரும் வந்து சொல்வதில்லை என்று. எங்கள் ஊரில் சொல்லக்கூடியவர்கள் தயிர்க்காரர்கள்தான். பவுசரைச் சோதிக்கிற இயந்திரம் செய்கிற வேலையை உங்கள் சட்டி செய்கிறது. பயிற்சி வகுப்பு எதுவானாலும் உங்களைப் போன்ற ஒருவரை உறையாத சட்டியோடு கூட்டிக்கொண்டு வந்து முன்னால் இருத்த வேண்டும். என்னைப் போன்ற கிழட்டு வைத்தியர் மணிக்கணக்காகப் பேசுவதை விட அது உறைக்கும்.

டொக்டர், நான் எந்த மாட்டுக்கும் பத்து மில்லிதான் அடிப்பது. சிலது சுகமாகிறது, சிலது ஆவதில்லை. மருந்து போலியா?
– பட்டிக்காரர், திருக்கோவில்

மருந்து போலியாகவும் இருக்கலாம், வெயிலில் காய்ந்ததாகவும் இருக்கலாம். ஆனால் முதலில் உங்கள் பத்து மில்லியைப் பார்ப்போம்.

நீங்கள் மருந்தின் பெயரை எழுதவில்லை. பட்டிகளில் அதிகம் புழங்குகிற நீண்டநேர ஒக்ஸிடெட்ராசைக்கிளின், அதாவது மில்லிக்கு 200 மில்லிகிராம் உள்ளது, என்று வைத்துக்கொள்கிறேன். அதன் அளவு பத்துக் கிலோ எடைக்கு ஒரு மில்லி. பத்து மில்லி என்பது நூறு கிலோக் கன்றுக்குச் சரி. இருநூறு கிலோப் பசுவுக்குப் பாதி மருந்து. அதற்கு மேற்பட்ட எருமைக்கு என்ன மிஞ்சும் என்று நீங்களே பாருங்கள். பாதி மருந்தில் மெலிந்த கிருமிகள் செத்துப்போகும், பலமானவை தப்பிப் பெருகும். அடுத்த முறை அதே மருந்து அந்தப் பட்டியில் வேலை செய்யாது. நீங்கள் கடையில் போய் "இதைவிடப் பவரானது" கேட்பீர்கள். கேட்டிருப்பீர்கள், இல்லையா?

எடை பார்க்கத் தராசு வேண்டாம். தையற்கடை அளவு நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அங்குலத்தில் அளவுங்கள். பிறகு தோள் எலும்பு முனையிலிருந்து வாலடிப் பக்கத்து எலும்பு முனை வரை நீளம். நெஞ்சளவை நெஞ்சளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ. நெஞ்சு 54, நீளம் 46 என்றால் 203 கிலோ வரும். போன் இருக்கிறவர்களுக்கு இது ஒரு நிமிட வேலை. ஒருமுறை செய்து பார்த்தால் உங்கள் கண்மதிப்பு எவ்வளவு பிழைக்கிறது என்று தெரியும். பட்டிக்காரர்கள் அநேகமாகப் பெரிய மாட்டைக் குறைத்தும் கன்றைக் கூட்டியும்தான் மதிக்கிறார்கள்.

அப்படி இருபது மில்லி வந்தால் ஒரே இடத்தில் இறக்கவேண்டாம். ஓர் இடத்தில் பத்துக்கு மேல் போகாமல், கழுத்தின் இரண்டு பக்கமும் பிரித்துப் போடுங்கள். போத்தலைக் கூரை இடுக்கில் செருகி வைக்கிற பழக்கத்தையும் விடுங்கள். வெளிச்சம் பட்டால் இந்த மருந்து கறுத்துப்போகும். அப்படிக் கறுத்ததை மாட்டுக்குள் ஏற்றக்கூடாது. இத்தனையும் சொன்னாலும், எந்த மாட்டுக்கு இந்த மருந்து என்று முடிவு செய்வது உங்கள் வைத்தியர். அளவை நான் எழுதிவிட்டேன் என்பதற்காகச் சீட்டையும் நான் எழுதிவிட்டதாக நினைக்க வேண்டாம்.

பெட்டியில் உள்ளதெல்லாம் இங்கிலீசில் இருக்கிறது. எங்களுக்கு எப்படித் தெரியும் எத்தனை நாள் பாலை விலக்குவது?
– வாசகி, கொக்கட்டிச்சோலை

நியாயமான கோபம். வீட்டில் ஓ.எல். படிக்கிற பிள்ளை இருந்தால் பெட்டியில் 'வித்ட்ரோவல்' என்ற சொல்லைத் தேடச் சொல்லுங்கள். அதன் பக்கத்தில் 'மில்க்' என்று ஒரு நாட்கணக்கும் 'மீட்' என்று ஒரு நாட்கணக்கும் இருக்கும். இறைச்சிக்குரியது அநேகமாகக் கூட. பால் தருகிற மாட்டுக்கே போடக்கூடாது என்று எழுதிய மருந்தும் உண்டு, பூச்சிக்குப் போடுகிற ஐவர்மெக்டின் ஊசி பலவற்றில் அப்படி இருக்கும். மருந்து வாங்குகிற அன்றைக்கே, கடைக்காரரைக் கொண்டே தடித்த பேனையால் பெட்டியின் மேல் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள்: "பால் இத்தனை நாள்." அவருக்குத் தெரியவில்லை என்றால் அவரிடம் வாங்காதீர்கள்.

வெள்ளாடுகளுக்கு எல்லாம் ஒரே நாளில் பூச்சி மருந்து பருக்கினேன். கன வெள்ளாடுகள் சினை. ஒன்றுக்குக் குட்டி ஊனமாகப் பிறந்தது. மருந்தாலா?
– வாசகர், பொத்துவில்

அல்பெண்டசோலாக இருந்தால், சினைப்பட்ட முதல் மாதத்தில் கொடுத்தால் அப்படி நடக்கலாம். ஒரு குட்டியை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. கிடாயோடு சேர்த்த ஆடுகளை அடுத்த முறை தனியே பிரித்து, எந்த மருந்து என்று வைத்தியரிடம் கேட்டுக் கொடுங்கள். எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் பருக்குவதையும் நிறுத்துங்கள். கண்ணிமையை இழுத்துப் பாருங்கள், உள்ளே சிவப்பாக இருக்கிற ஆட்டுக்கு இப்போதைக்கு அவசரமில்லை. வெளிறியதற்குக் கொடுங்கள்.

புரொய்லர் குஞ்சு இறக்கியவுடன் முதற்கிழமை தண்ணீரில் அன்டிபயோட்டிக் கலக்கச் சொல்கிறார்கள். கலக்காவிட்டால் செத்துப்போகும் என்கிறார்கள். உண்மையா?
– கோழி வளர்ப்பவர், சம்மாந்துறை

யார் சொல்கிறார்கள்? விற்கிறவர்கள்தானே. சுவீடனில் 1986இலேயே, கோழி கொழுக்க என்று தீனியில் மருந்து கலப்பதை நிறுத்திவிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 2006இல் நின்றது. நோய் வராமலிருக்க வழமையாகக் கொடுப்பதையும் 2022 ஜனவரியிலிருந்து அங்கே தடுத்திருக்கிறார்கள். இந்தியா 2019இல் கொலிஸ்டினை உணவுப் பிராணிகளுக்குத் தடை செய்தது. அங்கெல்லாம் கோழி இல்லாமலா போய்விட்டது?

முதற்கிழமைச் சாவில் பெரும்பங்கு சூட்டுப் பிரச்சினை. இரவில் ஒருதரம் எழும்பிப் போய்ச் சத்தம் போடாமல் பாருங்கள். குஞ்சுகள் பல்புக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் குளிர். ஓரத்துக்கு ஓடி, வாயைத் திறந்துகொண்டு செட்டையை விரித்திருந்தால் சூடு. பரவலாகப் படுத்திருந்தால் போய்த் தூங்குங்கள். உமிப் படுக்கை ஈரமா என்று கையால் அள்ளிப் பிசைந்து பாருங்கள், உருண்டையாக நின்றால் மாற்ற வேண்டும். அதற்கும் மேல் சாகிறது என்றால் செத்த குஞ்சை ஐஸில் வைத்துக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். அறுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

2022 டிசம்பர்க் குளிரில் எங்கள் மாடுகள் விழுந்து விழுந்து செத்தன. கையில் இருந்த எல்லா ஊசியும் போட்டோம். எந்த மருந்தை வைத்திருந்திருக்க வேண்டும்?
– பண்ணையாளர், வாகரை

எந்த மருந்தும் இல்லை. மாண்டஸ் புயல் வங்கக் கடலில் கடந்த அந்த நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. கிருமியால் அல்ல, குளிரால். மாட்டின் வயிற்றுக்குள் புல் புளித்துச் செரிக்கும்போதுதான் அதன் உடம்புக்குச் சூடு வருகிறது. மார்கழி மழையில் மேய்ச்சல் இல்லாமல் வயிறு ஒட்டிப்போன மாட்டுக்கு அந்தச் சூடு இல்லை. நனைந்த மயிர் காற்றைத் தடுக்காது. மெலிந்ததும் கன்றும் கிழடும் முதலில் விழும். நீங்கள் போட்ட நுண்ணுயிர்க்கொல்லிக்கு அங்கே கொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

இப்படி ஒரு காற்றும் மழையும் வரும் என்று வானிலை அறிவித்தால் செய்ய வேண்டியது: காற்று வருகிற பக்கம் தார்ப்பாயோ ஓலையோ கட்டி மறைப்பது, மேட்டில் காய்ந்த இடமாகப் பட்டியை மாற்றுவது, இரவுக்கு முதல் வயிறு நிறைய வைக்கோல் போடுவது. அதற்கு அறுவடை நேரத்தில் வைக்கோலை வயலில் கொளுத்தாமல் கொஞ்சமாவது போராகக் குவித்து வைத்திருக்க வேண்டும். விழுந்த கன்றைச் சாக்கால் உடம்பு சிவக்கத் தேய்த்து, நெருப்பு மூட்டி அருகில் கிடத்துங்கள்.

மழைக்கு முன் போட்டிருக்க வேண்டியது தொண்டை அடைப்பான் தடுப்பூசி. அது வேறு நோய், இந்தக் குளிருக்கு மருந்தல்ல. ஆனால் நனைந்து வலுவிழந்த பட்டியில் அதுவும் சேர்ந்து வந்தால் ஒன்றும் மிஞ்சாது. பயிற்சி என்று ஒன்று கட்டாயமாக வந்தால் அதில் ஒரு முழுப் பாடம் எப்போது ஊசியை எடுக்கக்கூடாது என்பதற்கு ஒதுக்கச் சொல்வேன். குளிர், கால்-வாய் நோய் போன்ற வைரசு நோய்கள், வெறும் பட்டினி. இந்த மூன்றிலும் வீணாகிற மருந்துக் காசைக் கூட்டினால் எந்த வகுப்புக் கட்டணமும் அதற்குக் கிட்ட வராது.

மாடு தீனி எடுக்கவில்லை. என்ன ஊசி போடலாம்?
– பெயரில்லை, வெல்லாவெளி

கடிதத்தில் இவ்வளவுதான் இருக்கிறது. பசுவா, நாம்பனா? கன்று போட்டதா, போட்டது எப்போது? சாணம் இறுகலா, தண்ணீரா, இரத்தமா? காய்ச்சல் பார்த்தீர்களா? பார்மசியில் விற்கிற சாதாரண வெப்பமானிக்கு ஒரு நூல் கட்டி, குதவழியே வைத்துப் பாருங்கள். மாட்டுக்கு 38இலிருந்து 39 சொச்சம் பாகை வரை சாதாரணம். அசை போடுகிறதா? வாயில் நுரையோ புண்ணோ இருக்கிறதா? பக்கத்து மாடுகள் எப்படி?

இவற்றை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு உங்கள் பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு இன்றைக்கே போன் எடுங்கள். இந்தப் பக்கம் அச்சாகி உங்கள் கைக்கு வரும்போது அந்த மாடு ஒன்றில் சுகமாகியிருக்கும், அல்லது என் பதில் தேவைப்படாது.